பதினொரு முதுகுவலி

"சுகந்தி, தமிழர்கள் அவ்வளவு தண்ணீரா குடிப்பார்கள்?"

டொக்டர் லிதியா இப்படிக் கேட்டபடி பதிவு மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது, நான் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவருக்குத் தெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்க நாளும் நேரமும், கொடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் காலம். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெளியே தொங்கு ரயில் வளைவில் கிறீச்சிட்டுப் போனது. வுப்பர்டாலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏன் கேட்கிறீர்கள் டொக்டர்?"

"இந்தக் கிழமையில், இப்போது போனவர் ஏழாவது ஆள். ஏழு பேருக்கும் முதுகு. ஏழு பேருக்கும் இடது பக்கம். ஏழு பேரும் தண்ணீர்ப் பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்கியபோது பிடித்துக்கொண்டதாம்."

"வெயில்தானே டொக்டர். எல்லோருக்கும் தாகம்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். பெரியவர் தொலைபேசியில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு நான் கொடுத்த தெர்மின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

இந்தத் தொடரில் நான் கெட்டித்தனமாக நடந்துகொண்ட கதைகளை மட்டுமே எழுதுகிறேன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. சொல்பவர் என் கணவர். "நீ மாட்டுப்பட்ட கதையையும் ஒருக்கா எழுதன்" என்றார். சரி, எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முந்திய கதை. எந்த வருடம் என்று சொன்னால் பதினொரு பேர் என்னோடு கதைக்க மாட்டார்கள்.

பெட்டி பிறந்த கதை

ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோயிலில் தேர் என்றால் ஜெர்மனியில் தமிழர் இருக்கும் ஊர்கள் எல்லாம் ஒருமுறை காலியாகும். தேர் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் ஞாயிறு மட்டும் போதுமா? சனிக்கிழமை பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சமைக்கத் தொடங்க வேண்டும். திங்கட்கிழமை தீர்த்தம். செவ்வாய்க்கிழமை களைப்பு.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஞாயிறு, பெருநாள் என்று பாராத வேலைகளில் இருப்பவர்கள். உணவகச் சமையல், முதியோர் இல்லம், பொதி பிரிக்கும் கூடம். லீவு கேட்டுப் போனால் மேலாளர் நாட்காட்டியைக் காட்டுவார். அதில் மற்றவர்கள் மாசி மாதமே தங்கள் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குத் தேர் எப்போது என்பது நினைவு வருவது தேருக்கு மூன்று கிழமைக்கு முன்னால்தான்.

அப்போது மிஞ்சும் வழி ஒன்றே ஒன்று. கிராங்க் எழுதுவிப்பது. வேலைக்குப் போக முடியாத அளவுக்குச் சுகமில்லை என்று டொக்டர் கொடுக்கும் சான்றுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. முன்பு மஞ்சள் தாளில் வரும். இப்போது தாளும் இல்லை. கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

டொக்டர் லிதியாவிடம் கிராங்க் எழுதுவிப்பது லேசான காரியம் இல்லை. தடிமன், சளி என்று வந்தவரையும் படுக்க வைப்பார். வயிற்றைத் தட்டுவார், நாக்கை நீட்டச் சொல்வார், காலைத் தூக்கச் சொல்வார். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

அந்த வருடம் தேருக்கு முந்திய கிழமை, எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருக்கும் ரவி அண்ணை என்னைப் படிக்கட்டில் கண்டார். அவருக்குப் பொதி பிரிக்கும் கூடத்தில் வேலை. நான் கடையிலிருந்து வாங்கிவந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தானே வாங்கி மேலே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த உதவியில் நான் இளகிப்போனேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

"தங்கச்சி, உங்கடை டொக்டரிட்டை என்ன சொன்னால் கிராங்க் எழுதுவா?"

"நோய் வருத்தம் இருந்தால் எழுதுவா அண்ணை."

"அதுதானே இல்லை."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை மூடியிருக்கலாம். "முதுகு நோகுது எண்டு சொல்லுங்கோ. அது ஒரு மெஷினிலும் தெரியாது. இடப்பக்கம் எண்டுங்கோ. இந்தத் தண்ணிப் பெட்டியை மூண்டாம் மாடிக்குத் தூக்கேக்கை பிடிச்சது எண்டுங்கோ. குனியச் சொன்னால் பாதியிலை நிண்டு 'ஆ' எண்டுங்கோ."

ரவி அண்ணைக்கு நான்கு நாள் கிடைத்தது. அவர் பரந்த மனசுக்காரர். நல்ல வழி ஒன்று கண்டால் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். ஊன்ட்றொப்புக்குப் பஸ் பிடிப்பதற்கென்று எங்கள் ஆட்கள் வைத்திருந்த கைபேசிக் குழுவில், நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் குரல்பதிவாகப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் குடியிருக்கும் பரமேஸ்வரி அக்காவும் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்ப் பெட்டி தூக்கினார். மன்னார்க் கத்தோலிக்கர் இருவர், ஆவணி மாதத்தில் மாதா கோயில் யாத்திரைக்கு வேறு முதுகுவலி வைத்திருப்பவர்கள், இந்தப் பெட்டியையும் தூக்கினார்கள். "உங்களுக்கு என்ன அண்ணை அம்மன் தேரிலை?" என்று ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். "பிள்ளை, என்ரை சகோதரங்கள் எல்லாரையும் ஒரே இடத்திலை பாக்கிறது அங்கைதானே" என்றார்.

மூன்று தலைமுறைக் கையெழுத்து

டொக்டர் லிதியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரஷ்யாவில் பிறந்தவர். இருபது சொச்சம் வயதில் பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்து, படித்த படிப்பைத் திரும்பவும் முதலிலிருந்து படித்து, எங்கள் தெருவில் சிகிச்சை நிலையம் திறந்தவர். மதியச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவருடைய கறுப்புப் பாணும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் எனக்கு. என்னுடைய புட்டும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் அவருக்கு. சம்பலைத் தின்று கண்ணில் தண்ணீர் வடிய, "நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது" என்பார்.

பதினொரு வருடச் சாப்பாட்டில் அவருடைய குடும்பக் கதை முழுவதையும் தவணை முறையில் கேட்டிருக்கிறேன். இப்போது நீங்கள் என்னுடைய கதையைக் கேட்பது மாதிரி.

அவருடைய பாட்டனார் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு குளிர் நகரத்தில் டொக்டர். அந்தக் காலத்தில் அங்கே வேலைக்குப் பிந்தினால் வழக்கு, தண்டனை. தப்புவதென்றால் டொக்டரின் கடிதம் ஒன்று வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்திய தாய், பனியில் வழி தவறியவன், சும்மா நித்திரையாகிப் போனவன் என்று யார் வந்து நின்றாலும் பாட்டனார் எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு கொப்பி வைத்திருந்தாராம். ஒரே பட்டறையில் இருவருக்கு ஒரே வருத்தம் வராதபடி அதில் குறித்துக்கொள்வாராம்.

இந்தக் கதையை நான் மூன்று தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டும், ஒரு பெட்டியைப் பதினொரு பேருக்குக் கொடுத்த என் புத்தியை என்ன சொல்வது!

யாரோ காட்டிக்கொடுத்துப் பாட்டனார் பல வருடம் சிறைமுகாமில் இருந்தார். திரும்பி வந்தபோது வாயில் பாதிப் பல்தான் இருந்தது. அவர் இறந்தபோது வீட்டாருக்கு முன்பின் தெரியாதவர்கள் வாசல் நிறைய வந்து நின்றார்களாம்.

அப்பா அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் "பொய்க் கடிதக்காரன் மகன்" என்று பட்டம் வாங்கியவர். அவரும் அதே நகரத்தில் டொக்டரானார். ஒரு பொய்க் கடிதம்கூட எழுதவில்லை. லிதியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்குச் சோதனைக்குப் பயந்து வயிற்றுவலி என்றாராம். அப்பா படுக்க வைத்துச் சோதித்துவிட்டு, "பிள்ளை பூரண சுகம்" என்று கையெழுத்துப் போட்ட தாளோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். எல்லோரும் சேர்ந்திருந்த இரண்டு அறை வீட்டில் பாட்டனாரும் அப்பாவும் வருடக்கணக்கில் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவதுதான்.

"நான் கிராங்க் எழுத உட்காரும்போது இரண்டு பேரும் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள்" என்று டொக்டர் ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். "ஒருவர் எழுது என்கிறார். மற்றவர் எழுதாதே என்கிறார்."

"நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள்?"

"இரண்டு பேரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியைப் படுக்கச் சொல்வேன்."

ஏழாவது முதுகுவலி வந்த அன்று மதியம் டொக்டர் சம்பலைத் தொடவில்லை. "இனித் தண்ணீர்ப் பெட்டிக்கு விடுப்பு இல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வந்த நான்கு பேருக்கும் மாத்திரை, சுடுதண்ணீர்ப் பை, வேலைக்குப் போங்கள். நான் பதறிப்போய் ரவி அண்ணைக்கு அழைத்து, "அண்ணை, பெட்டி இனிச் சரிவராது, குழுவிலை சொல்லுங்கோ" என்றேன். "ஐயோ தங்கச்சி, அது இப்ப டுசல்டோர்ஃப் வரைக்கும் போயிட்டுது" என்றார்.

பன்னிரண்டாவது ஆள்

வெள்ளிக்கிழமை நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவோம். பதினொன்றரைக்குச் செல்வராணி அக்கா வந்தார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடக் கிராங்க் கேட்டு வராதவர். விரலில் கத்தி வெட்டிக் கட்டுப் போட வந்த அன்றும் இங்கிருந்து நேராக வேலைக்குத்தான் போனார். மகளுக்குப் படிப்பு முடிந்து நல்ல வேலை கிடைத்தால் தேரன்று கற்பூரச்சட்டி எடுப்பேன் என்று நேர்த்தி வைத்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது. மேலாளர் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பெயரைப் போட்டுவிட்டார்.

"முதுகு நோகுது பிள்ளை" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, பெட்டிக் கதை இண்டைக்குச் சரிவராது."

"வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உள்ளே போனவர் நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். கையில் பூசுமருந்துக்கு ஒரு சீட்டு. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக டொக்டர் ஒருவரைப் படுக்க வைக்காமலே அனுப்பியிருந்தார். தண்ணீர்ப் பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு வெறுத்துவிட்டது.

செல்வராணி அக்கா போகவில்லை. மேலங்கி மாட்டும் இடத்துக்குப் பக்கத்துக் கதிரையில், "கொஞ்சம் இருந்துபோட்டுப் போறன்" என்று உட்கார்ந்தார். மேல் உதட்டில் வியர்வை. முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

நான் மேசையைவிட்டு எழுந்து போனேன். "என்னக்கா செய்யுது?"

"பெட்டி ஒண்டும் நான் தூக்கேல்லைப் பிள்ளை. அது பொய். ஆனால் முதுகு உண்மையா நோகுது. இஞ்சை, நடுவிலை. நேற்றுப் பின்னேரம் தொடக்கம். நாடியும் சேர்ந்து இழுக்குது. படி ஏறேக்கை மூச்சும் விட ஏலாமல் கிடந்தது."

"இதை ஏனக்கா டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஆசுப்பத்திரியிலை மறிச்சுப்போடுவினம். பிறகு நான் சட்டி எடுத்த மாதிரித்தான். பெட்டி எண்டால் மூண்டு நாளோடை விட்டுடுவினம் எண்டு சொன்னவை."

ஏழு நிமிடம்

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது, முதுகிலும் நாடியிலும், அதாவது தாடையிலும், வரலாம் என்று எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள். சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான். அப்படியிருந்தும் உடனே உள்ளே ஓடவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தம் இல்லை.

ஓடியிருந்தால் என்ன சொல்வேன்? இது உண்மை என்பேன். மற்றதெல்லாம் பொய் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பதினொரு பேருக்குப் பொய் சொல்லிக் கொடுத்த உதவியாளரை எந்த டொக்டர் வைத்திருப்பார்? அதுவும் இந்தக் குடும்பத்து டொக்டர்!

அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மேசையில் கிடந்த பேனாக்களை அடுக்கினேன். பேனா அடுக்கும் நேரமா அது? பிறகு டொக்டரின் அறைக்கு முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவர்க்கடிகாரம் நேரே எதிரில் இருந்தது. அக்கா சொல்லி ஏழு நிமிடம் போயிருந்தது.

உள்ளே போனேன். முதலில் சுற்றி வளைத்துத்தான் பார்த்தேன்.

"டொக்டர், செல்வராணி அக்காவுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்போமா?"

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணீர்ப் பெட்டிக்கா?"

"வியர்க்கிறது டொக்டர்."

"வெயில்தானே. உங்கள் ஆட்களுக்குத் தாகம்."

நான் சொன்ன சொல்லையே திருப்பித் தந்தார். அதற்கு மேல் சுற்றுவதற்கு வழியில்லை.

"டொக்டர், பெட்டி இல்லை. ஒருவரும் பெட்டி தூக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தது நான். பதினொன்றும் நான் சொன்னது. ஆனால் இவருக்கு முதுகு நடுவில் உண்மையாக வலிக்கிறது. நேற்றிலிருந்து. நாடியும் இழுக்கிறது. மூச்சு வாங்குகிறது. உங்களிடம் சொல்லப் பயந்து பெட்டியைச் சொல்லிவிட்டார்."

டொக்டர் லிதியா எழுந்த வேகத்தில் அவருடைய கதிரை பின்னால் போய்ச் சுவரில் அடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் படபடவென்று நடந்தது. நான் ஈசிஜிக் கம்பிகளை ஒட்டினேன். தாள் ஓடியது. டொக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் அஸ்பிரின் குளிசையைக் கேட்டுக்கொண்டே மறு கையால் அவசர எண் நூற்றுப்பன்னிரண்டுக்கு அழைத்தார். அம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் கையைவிடாமல் பிடித்துக்கொண்டு தன்னையறியாமல் ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் அது விளங்கின மாதிரி "ஓம் ஓம்" என்றார்.

தூக்குக் கட்டிலில் ஏற்றும்போது செல்வராணி அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பிள்ளை, எத்தினை நாள் கிராங்க் எழுதினவ?"

அம்புலன்ஸ் போனதும் டொக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிறு கேட்டதற்கு

சனிக்கிழமை ஆசுப்பத்திரிக்குப் போனேன். அடைப்பை எடுத்து, இரத்தக் குழாயில் சின்னச் சுருள் ஒன்று வைத்துவிட்டார்கள். இன்னும் சில மணி நேரம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று அங்கிருந்த டொக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"கிராங்க் ஆறு கிழமைக்குக் குறையாதாம் அக்கா."

"ஆறு கிழமையோ! நான் கேட்டது ஒரு ஞாயிறு."

பிறகு மெதுவாக, "சட்டி அடுத்த வருஷம் எடுப்பன். நீ எனக்காக ஒருக்கா அடியழிச்சு விடுவியோ?" என்றார். தேருக்குப் பின்னால் அடிக்கு ஒருமுறை விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுவதுதான் அடியழித்தல். மாட்டேன் என்று சொல்லும் நிலையிலா நான் இருந்தேன்? ஞாயிற்றுக்கிழமை விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். தார் வீதி, ஜெர்மன் வெயில். வேண்டுதலில் பாதி அக்காவுக்கு, பாதி என் வேலைக்கு.

நான் விழுந்து எழும்பிய இடைவெளிகளில் பதினொரு பேரில் கிராங்க் கிடைத்த ஏழு பேரையும் எண்ணினேன். எல்லோரும் தேர்வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரவி அண்ணை முன்வரிசையில் நின்றார்.

"முதுகு எப்பிடியண்ணை?"

"அம்மன்ரை வடத்தைத் தொட்ட உடனை பறந்துட்டுது தங்கச்சி!"

திங்கட்கிழமை காலையில் எழும்ப முடியவில்லை. எனக்கு முதுகு வலித்தது. உண்மையான முதுகுவலி, அதுவும் இடது பக்கம். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

திங்கட்கிழமை

டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. வேலையை விட்டு நிறுத்துபவர் தேநீர் ஊற்றி வைப்பாரா என்று யோசித்தேன். ரஷ்யர்கள் வைப்பார்களோ என்னவோ.

"அந்தப் பதினொரு பெயரையும் எழுதுங்கள்" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

"வேலையிடங்களுக்கு அறிவிக்கப் போகிறீர்களா டொக்டர்?"

"இல்லை. எல்லோருக்கும் தெர்மின் போடுங்கள். இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, ஈசிஜி. ஒருவரையும் விட வேண்டாம். பொய் சொல்லி வந்தாலும் வந்தவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். நான் அவர்களுடைய முதுகைத்தான் பார்த்தேன்." பிறகு, "அடுத்த வருடம் தேர் எப்போது என்று தை மாதமே இங்கே சுவரில் எழுதி ஒட்டுங்கள். லீவுக்கு நேரத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். இனி யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்க மாட்டீர்கள்" என்றார்.

"மாட்டேன் டொக்டர்." குனிந்து எழுதத் தொடங்கினேன். முதுகு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதினொரு பெயரும் எழுதி முடித்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "என்னை ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவைப் பற்றி நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு பனிக்காலம். மரம் ஏற்றும் தொழிலாளி ஒருவர் காய்ச்சல் என்று வந்தார். வெப்பமானி நன்றாக ஏறியிருந்தது. அந்த மாதம் முழுக்க ஆட்கள் வெப்பமானியைச் சுடுதண்ணீர்க் குழாயில் வைத்து ஏற்றிக்கொண்டு வருவது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. 'நீயுமா' என்று சொல்லி அவரை வேலைக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துவிட்டார். நியூமோனியா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அப்பா இங்கே, ஜெர்மனியில்தான் இறந்தார். கடைசிக் கிழமையில் எங்கள் பெயர்கள் எல்லாம் அவருக்கு மறந்துவிட்டன. அந்த மனிதரின் பெயர் மட்டும் மறக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். அப்பாவின் முன் அறையில் தாதியாக இருந்தவர் அம்மா. குழாயில் வெப்பமானியை வைத்து ஏற்றிக் கொடுத்ததும் அவர்தான். இரக்கப்பட்டுச் செய்தார். அந்தத் தொழிலாளியின் வெப்பமானியை மட்டும் அம்மா தொடவில்லை. அது உண்மைக் காய்ச்சல் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்."

"சொல்லவில்லையா?"

"அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். கதவு வரைக்கும் போனாராம். திரும்பிவிட்டாராம்."

டொக்டரின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கும் அழுகை வந்தது. நான் அடக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நீங்கள் வெளியே நின்றது இந்தக் கதவுக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. நிழல் மட்டும். நெடுநேரம் நின்றீர்கள். என்ன வேண்டும் என்று எழுந்து பார்க்க எனக்கு மனமில்லை. அவ்வளவு எரிச்சல். நீங்களும் திரும்பிப் போயிருந்தால் செல்வராணியின் பெயரை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்."

வெளியே முதல் நோயாளி மணியை அடித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சுகந்தி" என்று கூப்பிட்டார். "அடுத்த தடவை நின்று யோசிக்க வேண்டாம். திறந்துகொண்டு உள்ளே வாருங்கள்."